ஆயிரம் வரியில் நூறு பிழை... 59 வயதில் ஒரு சபதம்! - ஒலக்கூர் மாணவர்களுக்கும் உதவும் 'பிழை நோட்டு'

சென்னை - விழுப்புரம் பாதையில், திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் வரும் சின்ன ரயில் நிலையம் ஒலக்கூர். எக்ஸ்பிரஸ் ரயில்கள் தடதடத்துக் கடந்துபோய்விடும். பாசஞ்சர் ரயிலுக்காகக் காத்திருப்பவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்க இப்போது சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் படிக்கும் எந்த மாணவரின் பையைத் திறந்தாலும் ஒரு பொருள் கட்டாயம் இருக்கும்: லேப் ரெக்கார்டு நோட்டு. அதில் புரோகிராம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும். அவுட்புட் கச்சிதமாக வந்திருக்கும். கீழே ஆசிரியரின் கையெழுத்து. ஆனால், அந்தச் சரியான விடைக்கு வந்துசேர்வதற்குள் எத்தனை தவறுகள் செய்தோம், எந்த வரியில் செய்தோம், கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆனது... இதைப் பற்றி ஒரு வரிகூட அதில் இருக்காது.

அந்த நோட்டில் இல்லாத வரிகள்தான் முக்கியம் என்று தன் வாழ்நாளின் கடைசி 20 ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் ஒருவர் இருந்தார். அமெரிக்கர். பெயர், வாட்ஸ் ஹம்ப்ரி. 'மென்பொருள் தரத்தின் தந்தை' என்று அழைக்கப்பட்டவர். சென்னையில் 2000-ம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு மென்பொருள் தர நிறுவனத்துக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள். 'வாட்ஸ் ஹம்ப்ரி சாஃப்ட்வேர் குவாலிட்டி இன்ஸ்டிட்யூட்' என்பது அதன் பெயர்.

ஒரு பிழை சிறைக்கு அனுப்புமா?

'புரோகிராமில் தப்பு வந்தால் என்ன, திருத்திக்கொள்ள வேண்டியதுதானே?' என்று தோன்றலாம். மென்பொருள் அலுவலகத்துக்குள் மட்டும் இருந்த காலத்தில் அது சரி. இன்று ரேஷன் கடையில் விரல் ரேகை வைப்பதும், பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு பார்த்து ரசீது தருவதும், முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுவதும் மென்பொருளால்தான் நடக்கின்றன. அதில் ஒரு தவறு நேர்ந்தால், பாதிக்கப்படுவது அதை எழுதியவர் அல்ல. வரிசையில் நிற்பவர்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கு 1999-ல் தபால் நிலையங்களின் வரவு செலவைப் பார்க்க 'ஹொரைசன்' என்ற மென்பொருள் கொண்டுவரப்பட்டது. கிளைத் தபால் நிலையங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. 'நான் எடுக்கவில்லை' என்று அவர்கள் கதறியும், 'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது' என்றே நிர்வாகம் நம்பியது. 2015 வரையிலான காலத்தில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற வழக்குகளில் தண்டிக்கப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா. 2010 நவம்பரில் அவருக்கு 15 மாத சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் வயிற்றில் குழந்தை. தீர்ப்பு வந்த நாள், மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள்! மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2021-ல் சீமா உட்பட 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பறிபோன 10 ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

வாட்ஸ் ஹம்ப்ரி இறந்தது 2010 அக்டோபர் 28-ம் தேதி. சீமா சிறைக்குப் போனது, அதற்கு இரண்டு வாரங்கள் கழித்து. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால், எந்த ஆபத்தைப் பற்றி அந்தப் பெரியவர் எச்சரித்துக்கொண்டே இருந்தாரோ, அதுதான் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் நடந்தது.

முதல் வகுப்பில் தோற்றவர்

ஹம்ப்ரி 1927-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதில் அவருக்கு எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா இருந்தது. முதல் வகுப்பிலேயே ஃபெயில்! அப்படித் தொடங்கிய பையன், கடற்படையில் பணியாற்றிவிட்டு, இயற்பியலில் இளங்கலை, முதுகலைப் பட்டங்களும் எம்.பி.ஏ-வும் பெற்றார். 1959-ல் ஐ.பி.எம் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1960-களின் நடுவில் ஐ.பி.எம்-மின் மென்பொருள் பிரிவு மொத்தமும் அவர் பொறுப்புக்கு வந்தது. பல நாடுகளில் இருந்த ஆய்வுக்கூடங்களில் சுமார் 4,000 பேர் அவரின் கீழ் வேலை பார்த்தார்கள். சொன்ன தேதியில் எந்த மென்பொருளும் முடியாத காலம் அது. ஹம்ப்ரி ஒவ்வொரு ஆய்வுக்கூடமாகப் போய், 'உங்கள் வேலைத் திட்டத்தைக் காட்டுங்கள்' என்று கேட்டார். யாரிடமும் எழுதப்பட்ட திட்டம் இல்லை. முடிக்க வேண்டிய தேதி மட்டும் இருந்தது!

'திட்டம் எழுதாமல் எந்த மென்பொருளையும் அறிவிக்கக் கூடாது' என்று அவர் உத்தரவு போட்டார். அதன் பிறகு இரண்டரை ஆண்டுகள் ஒரு தேதியைக்கூடத் தவறவிடவில்லை என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

59 வயதில் புது வேலை

ஐ.பி.எம்-மில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு 1986-ல் வெளியே வந்தபோது ஹம்ப்ரிக்கு வயது 59. நம் ஊரில் ஓய்வூதியப் புத்தகமும் பேரப்பிள்ளைகளுமாக உட்காரும் வயது. அவரோ, மென்பொருள் உலகத்தையே மாற்றிக்காட்டுவேன் என்று சபதம் எடுத்துக்கொண்டார். அது அளவுக்கு மீறிய சபதம் என்று அவரே சொல்லிக்கொண்டதும் உண்டு. பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் இயங்கிய மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்தார்.

ராணுவத்துக்கு அப்போது ஒரு சிக்கல். மென்பொருள் செய்து தருவதாகப் பல நிறுவனங்கள் வருகின்றன. எது ஒழுங்காகச் செய்யும், எது சொதப்பும் என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? ஹம்ப்ரியின் குழு ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சி.எம்.எம்' என்ற ஐந்து நிலை ஏணி. அன்றைக்கு நடந்தால் போதும் என்று வேலை செய்பவர்கள் முதல் நிலை. தங்கள் தவறுகளை அளந்து பார்த்து, அவை மறுபடி வராதபடி வேலை செய்யும் முறையையே திருத்திக்கொள்பவர்கள் ஐந்தாம் நிலை.

இந்த ஏணியில் வேகமாக ஏறியவர்கள் இந்தியர்கள். 1990-களில் பெங்களூரின் மோட்டோரோலா மென்பொருள் மையம் ஐந்தாம் நிலையைத் தொட்டது. உலகிலேயே முதலில் அந்த இடத்துக்கு வந்தவற்றில் அதுவும் ஒன்று. பிறகு சென்னை, ஹைதராபாத், பெங்களூர் என்று நிறுவனங்கள் வரிசைகட்டின. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் 'எங்களை நம்பி வேலையைக் கொடுங்கள்' என்று சொல்வதற்கு, 'லெவல் 5' என்ற சொல் ஒரு அடையாள அட்டையாகவே ஆனது. இன்று ஓ.எம்.ஆர் சாலையில் ஐ.டி வேலைக்குப் போகும் திண்டிவனத்துப் பிள்ளைகளின் சம்பளத்துக்குப் பின்னால், அந்த அடையாள அட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

சான்றிதழ் சுவரில்... பிழை கையில்!

தான் உருவாக்கிய ஏணியை உலகமே கொண்டாடியபோது, ஹம்ப்ரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. நிறுவனத்துக்கு விதிமுறை இருக்கிறது. ஆனால், கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் என்ன செய்கிறார்? அவர் ஒவ்வொரு வரியையும் பழைய பழக்கத்திலேயே எழுதினால், சுவரில் மாட்டிய சான்றிதழ் என்ன செய்யும்?

இதை மற்றவர்களிடம் சோதித்துப் பார்க்கும் முன், தன்னிடமே சோதித்துப் பார்த்தார். 60 வயதைத் தாண்டியவர், மறுபடி ஒரு மாணவரைப்போல உட்கார்ந்து, 60-க்கும் மேற்பட்ட சிறு புரோகிராம்களை எழுதினார். எழுதும்போது பக்கத்தில் ஒரு படிவம். எத்தனை மணிக்குத் தொடங்கினேன், போன் வந்ததால் எத்தனை நிமிடம் வீணானது, எந்த வரியில் தவறு செய்தேன், அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். இவர் அறுபதில் வளைந்தார்.

அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்த முறைக்கு 'பெர்சனல் சாஃப்ட்வேர் பிராசஸ்', சுருக்கமாக 'பி.எஸ்.பி' என்று பெயர். இதை விளக்கும் அவருடைய பாடநூல் 1995-ல் வெளியானது. இந்த முறையைப் பலருக்குக் கற்றுக்கொடுத்தபோது கிடைத்த கணக்கு எல்லோரையும் அதிரவைத்தது. அனுபவமுள்ள புரோகிராமர்கள்கூட ஆயிரம் வரி எழுதினால் அதில் சுமார் 100 பிழைகளை விட்டுவிடுகிறார்கள். அதாவது, பத்து வரிக்கு ஒன்று! அவற்றில் ஏறக்குறைய பாதியைத்தான் கம்ப்யூட்டரே 'கம்பைல்' செய்யும்போது சுட்டிக்காட்டுகிறது. மீதியை மனிதர்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால், மென்பொருளோடு சேர்த்து ஊருக்கே அனுப்பிவைக்கிறோம்.

விதையிலேயே பொறுக்க வேண்டும்

'அதற்குத்தான் டெஸ்டிங் இருக்கிறதே!' என்று ஐ.டி-யில் இருப்பவர்கள் கேட்கலாம். ஹம்ப்ரியின் பதில், கடைசியில் செய்யும் சோதனையால் தரத்தைக் கொண்டுவர முடியாது என்பதுதான்.

இதை ஒலக்கூர் பக்கத்து விவசாயிகளுக்கு விளக்கவே வேண்டாம். இது மணிலா விளையும் பூமி. திண்டிவனத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. 'டி.எம்.வி' என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களின் பெயரில் ஒளிந்திருப்பது திண்டிவனம்தான். விதைப்புக்கு முன்னால் மணிலாவை உடைத்து, சொத்தை, சுருங்கியது, தோல் உரிந்தது எல்லாவற்றையும் கையாலேயே பொறுக்கித் தள்ளிவிட்டுத்தான் விதைப்பார்கள். சொத்தையை விதைத்துவிட்டு, அறுவடையில் ஆராய்ந்து பயன் என்ன?

மென்பொருளும் அப்படித்தான். எழுதிய கையோடு கண்ணில் படும் தவறைத் திருத்தச் சில நிமிடங்கள் போதும். அதுவே டெஸ்டிங் வரைக்கும் போய்விட்டால், எங்கே இருக்கிறது என்று தேடவே மணிக்கணக்கில் ஆகும். மக்கள் கைக்குப் போய்விட்டால், சீமா மிஸ்ராவின் கதைதான்.

ஒரு நோட்டு... நான்கு கட்டம்!

ஹம்ப்ரியின் முறையைத் தொடங்க விலையுயர்ந்த லேப்டாப்போ, வேகமான இன்டர்நெட்டோ தேவையில்லை. ஒரு சாதாரண நோட்டும் பேனாவும் போதும். ஒலக்கூரிலிருந்து ரயிலேறும் ஒரு மாணவி இன்றே தொடங்கிவிடலாம்.

நேரம்: புரோகிராம் எழுதத் தொடங்கும் நேரம், முடிக்கும் நேரம், நடுவில் தடைப்பட்ட நிமிடங்கள். இதைத் தொடர்ந்து குறித்தால், 'இந்த வேலையை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?' என்ற கேள்விக்கு உத்தேசமாக இல்லாமல், கணக்கோடு பதில் சொல்லலாம்.

பிழை: என்ன தவறு, அது எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, திருத்த எத்தனை நிமிடம். ஹம்ப்ரி பிழைகளைப் பத்து வகையாகப் பிரித்திருந்தார். எழுத்துப்பிழை ஒரு வகை, கணக்குப் போட்ட விதத்தில் தவறு இன்னொரு வகை... இப்படி.

மறுவாசிப்பு: எழுதி முடித்ததும் உடனே ரன் பட்டனை அழுத்தக் கூடாது. முதலில் நிதானமாக, வரி வரியாக வாசிக்க வேண்டும். எழுத எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியையாவது இந்த வாசிப்புக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன அளவு. மணிக்கு 200 வரிக்கு மேல் வாசித்தால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும் என்பதும் அவர் கணக்கு.

சொந்தப் பட்டியல்: ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால், ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்திருப்பது தெரியும். அதை ஒரு பட்டியலாக எழுதி, அடுத்த முறை வாசிக்கும்போது அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஓர் உதாரணம். முதியோர் உதவித்தொகைக்குத் தகுதியானவர்களைப் பிரிக்கும் புரோகிராமை ஒரு மாணவி பயிற்சிக்காக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 வயது நிறைந்தவர்கள் தகுதியானவர்கள். அவர் '60 அல்லது அதற்கு மேல்' என்று எழுதுவதற்குப் பதிலாக '60-க்கு மேல்' என்று எழுதிவிட்டார். வித்தியாசம் ஒரே ஒரு குறி. 45, 70 என்ற வயதுகளைக் கொடுத்துச் சோதித்தால் சரியான விடைதான் வரும். லேப் ரெக்கார்டில் கையெழுத்தும் விழுந்துவிடும். ஆனால் அது நிஜமாகவே பயன்பாட்டுக்குப் போனால், சரியாக 60 வயதான பாட்டி ஒருவர், காரணமே தெரியாமல் ஓராண்டு அலைவார். பிழை நோட்டு வைத்திருக்கும் மாணவியின் பட்டியலில், 'எல்லை எண்ணைக் கொடுத்துப் பார்' என்று ஒரு வரி இருக்கும். பாட்டி அலைய வேண்டியிருக்காது.

இந்தப் பழக்கம் பலன் தருமா என்றும் பார்த்திருக்கிறார்கள். பி.எஸ்.பி பயிற்சி பெற்ற 298 பொறியாளர்களின் தரவுகளை ஆராய்ந்த கார்னகி மெலன் அறிக்கை 1997-ல் வந்தது. பயிற்சியின் தொடக்கத்தில் இருந்ததைவிட, முடிவில் சோதனைக் கட்டத்துக்குப் போன பிழைகளின் அளவு சுமார் இரண்டரை மடங்கு குறைந்திருந்தது. இத்தனை குறிப்பு எழுதியும் வேலையின் வேகம் குறையவில்லை.

'உன் நோட்டு உனக்கு மட்டும்தான்!'

அவ்வளவு நல்ல முறை என்றால், ஏன் எல்லோரும் பின்பற்றவில்லை? ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்துக்கொண்டிருப்பது அலுப்பூட்டும் வேலை என்பது ஒரு காரணம். பயிற்சி முடிந்ததும் நோட்டை மூடிவைத்தவர்கள் ஏராளம். இன்னொரு காரணம், பயம். என் தவறுகளை நானே எழுதிவைத்தால், நாளைக்கு மேனேஜர் அதையே எடுத்து எனக்கு எதிராகக் காட்டமாட்டாரா?

ஹம்ப்ரிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரு விதியில் அவர் கறாராக இருந்தார். ஒருவருடைய பிழைக் குறிப்பு அவருக்கு மட்டுமே சொந்தம். அதைவைத்து மேலதிகாரி யாரையும் எடைபோடக் கூடாது. அப்படிச் செய்தால், அடுத்த நாளே எல்லோரும் பொய்க்கணக்கு எழுதத் தொடங்குவார்கள் என்பது அவர் அனுபவம். முதல் வகுப்பில் தோற்றுப்போன ஒருவருக்கு, தவறு செய்தவரின் கூச்சம் புரியாமலா இருக்கும்?

அந்தக் கூச்சத்தை நம் வகுப்பறைகளிலும் வளர்க்கிறோம். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையும் என்பதால், சரியாக வந்ததைப் பார்த்து அப்படியே எழுதிக்கொடுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. தவற்றை ஒளிக்கக் கற்றுக்கொண்டவர், வேலைக்குப் போன பிறகும் அதைத்தானே செய்வார்?

ஏ.ஐ காலத்திலும் இது வேண்டுமா?

இப்போது புரோகிராமை ஏ.ஐ-யே எழுதித் தருகிறது. சில விநாடிகளில் நூறு வரி வந்துவிழும். ஆனால், அது சரியா தவறா என்று வாசித்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். எழுதும் வேலை குறையும்போது, வாசிக்கும் வேலை கூடுகிறது. தன் பிழைகளைத் தேடிப் பழகிய கண்ணுக்குத்தான் அடுத்தவர் பிழையும் தெரியும். அந்த வகையில், 1995-ல் புத்தகமாக வந்த ஹம்ப்ரியின் பாடம், இன்று கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் மாணவருக்கு முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதால், இன்னொருவர் கண்ணும் வேண்டும். அதற்கும் தொலைதூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரத்தில் க்னூ/லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வ அமைப்பு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பயிற்சியை இலவசமாக அளித்துவருகிறது. கட்டற்ற மென்பொருளின் அடிப்படையே, ஒருவர் எழுதியதை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், தவறு இருந்தால் சுட்டிக்காட்டலாம், திருத்தலாம் என்பதுதான். அதுகூட வேண்டாம். ஒரே ரயிலில் போகும் இரண்டு தோழிகள், ஒருவர் புரோகிராமை மற்றவர் வாசித்துப் பார்த்தாலே போதும்.

மென்பொருள் துறைக்குச் செய்த பணிக்காக அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 2005-ல் வெள்ளை மாளிகையில் பெற்றுக்கொண்டபோது ஹம்ப்ரிக்கு வயது 77. அதன் பிறகும் எழுதுவதையும் பேசுவதையும் அவர் நிறுத்தவில்லை. 83-வது வயதில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற பாடம், ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் அடங்கிவிடும். இன்றைய தேதி. இன்று நான் செய்த தவறு. அதைக் கண்டுபிடிக்க ஆன நிமிடங்கள். ஒலக்கூரில் ரயிலேறி திண்டிவனத்தில் இறங்குவதற்குள் அந்த மூன்று வரிகளையும் எழுதிவிடலாம். ஆசிரியர் அதில் கையெழுத்து போடப்போவதில்லை. ஆனால், என்றோ ஒரு நாள், எங்கோ ஒரு வரிசையில் நிற்கப்போகும் யாரோ ஒருவருக்காக எழுதப்பட்ட நோட்டு அது!